பச்சைக் குடத்துக்கு ஒரு நாற்காலி

என் வீட்டுக்காரர் செபஸ்தியான் இரண்டு சினிமா எடுத்தவர். முதல் படம் நன்றாக இருந்தது, யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது கண்றாவியாக இருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை. இதில் எதற்காக அவர் அதிகம் வருத்தப்பட்டார் என்று கேட்டால், கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் எனக்குச் சொல்லத் தெரியாது. மனுஷன் வாயைத் திறந்தால்தானே.

மற்றபடி நாகல் நகரில் அவருக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, சடங்கு என்று எல்லாவற்றுக்கும் போட்டோவும் வீடியோவும் எடுப்பார். நான் புஷ்பமேரி. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டை உரத்துப்போய்விட்டது. இந்தக் கதையிலும் அது கேட்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படத்தின் பெயர் 'கடைசிக் குடம்'. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமியைப் பிடிக்க வருகிற கதை. அவர்கள் கிரகத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. பூமியில் முக்கால்வாசியும் தண்ணீர்தான் என்று கேள்விப்பட்டுக் கப்பலில் ஏறி வருகிறார்கள். வந்தவர்கள் நேரே கடலில் இறங்கியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தலையெழுத்து, சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லில் இறங்குகிறார்கள். அதுவும் குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகி, லாரி எப்போது வரும் என்று சனம் காத்துக் கிடக்கிற தெருவில்.

எங்கள் தெருவில் குடம்தான் ஆள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நீங்கள் சோறு வடிக்கப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகலாம், பஸ் ஏறிச் சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சேலை எடுத்துக்கொண்டுகூட வரலாம். உங்கள் குடம் உங்களுக்காக நிற்கும். முன்னால் இருப்பவள் தண்ணீர் பிடித்துப் போனால் பின்னால் இருப்பவள் தன் குடத்தோடு உங்கள் குடத்தையும் சேர்த்து நகர்த்துவாள். உங்களோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் நகர்த்துவாள். அடுத்தவர் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தவளை எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரும் நல்லது கெட்டதுக்கு அழைக்க மாட்டார்கள்.

வேற்றுக்கிரகத்துத் தலைவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? லாரி வந்து நின்றதும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நேரே குழாய்க்குப் போகிறான். அந்த இடத்தில் நான் வருகிறேன். ஆமாம், நான்தான். சும்மா நடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. துப்பாக்கி என் காதோரம் இருக்கிறது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குடம் வச்சிருக்கியா? இல்லேல்ல? அப்புறம் என்ன, பின்னால போயி நில்லு" என்கிறேன்.

படமே அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுடுகிறான், மிரட்டுகிறான், வானத்தில் கப்பலைச் சுற்றவிடுகிறான். பெண்கள் யாரும் வரிசையை விட்டு அசையவில்லை. கடைசியில் தொண்டை வறண்டுபோய் அவனும் ஒரு பச்சைக் குடத்தை வாங்கிக்கொண்டு ஆகக் கடைசியில் நிற்கிறான். அவன் முறை வருவதற்குள் அவர்கள் கிரகத்திலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான். கப்பல் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் வரிசை. பச்சைக் குடம் அங்கேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் தன் குடத்தை நகர்த்தும்போது காலால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறாள். போனவன் வருவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அத்தோடு படம் முடிகிறது. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும். சொந்தப் படம் என்பதால் சொல்லவில்லை. சொந்தப் புருஷன் எடுத்தது என்பதற்காகத் திட்டத்தான் எனக்குத் தோன்றும், பாராட்டத் தோன்றாது.

அந்தத் தலைவனாக நடித்தவர் முகமது ரஃபீக். பேகம்பூர்க்காரர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். என் வீட்டுக்காரரும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. படத்துக்கு முதலில் கேட்டது அவருடைய லாரியைத்தான். லாரியை விட்டு அவர் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்த செபஸ்தியான், "ஏலே, நீயே நடிலே" என்றுவிட்டார். ரஃபீக் அண்ணன் நல்ல உயரம், ஒல்லி. ஒரு தடவை டேங்கர் மேலிருந்து விழுந்ததில் இடது கால் சரியாக வரவில்லை. நடக்கும்போது தோளை ஒரு இறக்கு இறக்கி, செத்த நின்று, பிறகு அந்தக் காலை இழுத்து வைப்பார். யாரிடமோ மன்னிப்புக் கேட்டுவிட்டு நடப்பது போல இருக்கும். உலகத்தைப் பிடிக்க வந்தவன் அப்படி நடந்தால் அவன்மேல் கோபம் எங்கே வரும்?

கப்பலுக்குக் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றிக் கோயில் திருநாளுக்குக் கட்டுகிற சீரியல் பல்பு. உடுப்புக்கு, ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் ரோமைச் சேவகர்கள் போடுகிற தகரக் கவசம். அதை ஃபாதரிடம் கேட்டு வாங்கியது நான். "வேற்றுக்கிரகமா? ரோமாபுரியே வேற்றுக்கிரகம்தான், எடுத்துட்டுப் போம்மா" என்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, ரஃபீக் அண்ணன் மூஞ்சியில் வெள்ளி பெயிண்ட் அடித்தோம். அவர் மனைவி இஃப்பத் அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

படம் ஒரே ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாக வந்தது. வெள்ளிக்கிழமை போட்டார்கள், அடுத்த வெள்ளிக்கு முன்னாலேயே தூக்கிவிட்டார்கள். ஆனாலும் செபஸ்தியானும் ரஃபீக் அண்ணனும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஸ்டூடியோ வாசலில் டீயை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகம் பேசுவார்கள். பச்சைக் குடத்தைத் தேடித் தலைவன் திரும்பி வருவான், இந்தத் தடவை அவன் முறை வரும், தண்ணீர் வராது என்று கதை போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டார். எங்கேயோ கேபிளில் படத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டாம் பாகம் எடுக்கலாம், ஆனால் பெரிய ஹீரோ, பெரிய சண்டை, தலைவனைக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம், ஆள் வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஆட்டிய தலையை ரஃபீக்கிடம் போய்க் காட்ட அவருக்குத் துணிச்சல் இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே சென்னைக்குப் போய்விட்டார்.

ரஃபீக் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஷூட்டிங் ஆரம்பித்துவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, பயலுக்கு வேலை மும்முரத்தில் சொல்ல மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தலையை மழித்தார். புருவத்தை மழித்தார். பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் செட் வாசலில் நின்றார். காவலுக்கு இருந்தவன் பட்டியலில் பேர் இல்லை என்று விடவில்லை. ரஃபீக் அண்ணன் ஆள் மூலமாக உள்ளே சொல்லியனுப்பினார். செபஸ்தியான் வெளியே வரவில்லை. வெட்கத்தில் வரவில்லை. பொழுது சாயும்வரை நின்று பார்த்துவிட்டு ரஃபீக் அண்ணன் ஊருக்குத் திரும்பினார். முடி சீக்கிரம் முளைத்துவிட்டது. புருவம் முளைக்கத்தான் நாளாயிற்று. அதுவரை லாரியில் போகும்போதெல்லாம் ஊரே அவர் முகத்தைப் பார்த்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

படம் வந்தது. 'கடைசிக் குடம் 2: ருத்ர கிரகம்'. ஹீரோ பனிமலையில் பாடுகிறார், ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறார், வேற்றுக்கிரகத்துத் தலைவனுக்குத் தாய்ப்பாசம் பற்றி வகுப்பெடுக்கிறார். வரிசை இல்லை, லாரி இல்லை, ராமுத்தாய் இல்லை, நான் இல்லை. படம் முழுக்க ஒரே ஒரு குடம்தான் வருகிறது, பாட்டில் கதாநாயகி இடுப்பில். அதிலும் தண்ணீர் கிடையாது. நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "ஏசி நல்லா இருந்துச்சு" என்றேன்.

இப்படி இரண்டு படமும் போய், ஆசையும் போய், சடங்கு வீட்டு வீடியோவோடு காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போன மாதம் கீர்த்தனா வந்தாள். பாங்கில் வேலை பார்க்கிற பெண். லீவு நாளில், யாருக்கும் தெரியாத பழைய படங்களைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுகிறாள். 'கடைசிக் குடம்' பற்றி அவள் பேசியது எங்கெங்கோ சுற்றி, துபாயிலிருந்தெல்லாம் ஆட்கள் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். திண்டுக்கல்லிலேயே ஒரு நாள் திரையிட வேண்டும், நாகல் நகரில் உடையப்பன் தன் கல்யாண மண்டபத்தைச் சும்மா தருகிறார் என்றாள்.

செபஸ்தியான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரஃபீக் வந்தா போடலாம். அவன் வராம நான் அந்தப் படத்த ஊர் முன்னால போட மாட்டேன்" என்றார்.

"போயி நீங்களே கூப்பிடுங்களேன்" என்றேன்.

"மூஞ்சிய எங்க வச்சிக்கிட்டுப் போவேன்?"

"கழுத்துக்கு மேலதான். வேற எங்க வச்சிக்குவீங்க?"

அவர் போகவில்லை. நான்தான் போனேன். ஆண்கள் பேசாவிட்டால் என்ன, எனக்கும் இஃப்பத் அக்காவுக்கும் ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை. கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும், பெருநாளைக்கு அங்கிருந்து பிரியாணி வரும். யார் வீட்டுப் பிரியாணி என்று செபஸ்தியான் கேட்க மாட்டார். பாத்திரத்தை வழித்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

பேகம்பூரில் ரஃபீக் அண்ணன் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"மொதப் படத்துல எனக்குப் பாக்க என்ன தங்கச்சி இருக்கு? அதுல நாந்தான நிக்கிறேன்" என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "என்னைய வாசல்ல நிப்பாட்டிட்டு உள்ள அப்படி என்னத்த எடுத்தான்னு நான் இன்ன வரைக்கும் பாக்கல. ரெண்டாவதப் போடச் சொல்லு. மொதல்ல அதத்தான் போடணும். ஊரே உக்காந்து பாக்கணும். அப்புறம் வாரதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

"அண்ணே, அது ரொம்ப மோசமான படம்ணே."

"அதுக்குத்தான் போடச் சொல்றேன்."

உள்ளே போனேன். இஃப்பத் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அம்புட்டும் வீம்பு புஷ்பா. அந்தப் பொண்ணு பேசுன வீடியோவ எத்தன வாட்டி போட்டுப் பாத்தாகன்னு எனக்குத்தான் தெரியும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். அந்தப் பச்சைக் குடம்! கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் மூன்று பொட்டு. அடையாளத்துக்காக ஷூட்டிங் அன்று அக்காவே வைத்தது. "இத்தன வருசமா இதுல ஒரு சொட்டுத் தண்ணி பிடிக்க விடல. எடுத்துட்டுப் போ. அவுகளுக்குத் தெரிய வேணாம்."

ஷேர் ஆட்டோவில் மடியில் குடத்தை வைத்துக்கொண்டு வரும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரரிடம் முதலில் நிபந்தனையைச் சொல்ல வேண்டுமே. குதிப்பார், மானம் போய்விடும் என்பார், இந்தப் பேச்சே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்ததென்னவோ உண்மைதான். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அவன் இன்னும் அதப் பாக்கவே இல்லையா?"

"இல்லையாம்."

"பாக்கவே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு, "போட்டுறலாம்" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் படம் என்று கீர்த்தனா அறிவித்திருந்தாள். மூன்றரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் தெருக்காரர்கள், படத்தில் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இஃப்பத் அக்கா மகளோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரஃபீக் அண்ணன் வரவில்லை.

நான் முன்வரிசையில் நடு நாற்காலியில் பச்சைக் குடத்தை வைத்தேன். செபஸ்தியான் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மண்டபத்தின் ஆகக் கடைசியில், வாசல் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

கூட்டம் சேரச் சேர நாற்காலி பற்றவில்லை. சுவரோரமாக நிற்க ஆரம்பித்தார்கள். அப்போது உடையப்பன் தன் சம்பந்தியை அழைத்துக்கொண்டு வந்தார். மண்டபத்துக்காரர், இடம் கொடுத்தவர், அவர் சம்பந்தியை நிற்க வைக்க முடியுமா? முன்வரிசைக்கு வந்து, குடத்தின் கழுத்தைப் பிடித்து, "இத யாரு இங்க வச்சது?" என்றார்.

"ஏனுங்கய்யா, குடம் வச்சிருக்குல்ல, கண்ணு தெரியலயா?" என்று பின்னாலிருந்து ராமுத்தாய் போட்டாளே ஒரு சத்தம். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவாள். கூடவே நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. உடையப்பன் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி எடுத்தார். சம்பந்தி நல்ல மனுஷர். "குடம் இருந்தா விடுங்க சம்பந்தி, எங்கூர்லயும் அப்படித்தான்" என்று சுவரோரமாகப் போய் நின்றுவிட்டார். கல்லூரிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் அந்த வரிசையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. 'ருத்ர கிரகம்' ஆரம்பமானது.

முதல் முக்கால் மணி நேரமும் ஒரே சிரிப்பு. ஹீரோ வந்த முதல் காட்சிக்கே சிரித்தார்கள். தாய்ப்பாசத்துக்குச் சிரித்தார்கள். பனிமலைப் பாட்டுக்கு ஒருத்தன் எழுந்து ஆடினான். தலைவன் முட்டையிலிருந்து வெளியே வந்தபோது, "என்னப்பா இது, கொழுக்கட்டைக்குக் காலு மொளச்ச மாதிரி" என்று யாரோ சொல்ல, மண்டபமே அதிர்ந்தது. சொன்னதில் தப்பில்லை, கொழுக்கட்டை மாதிரிதான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் திட்டலாம், என் புருஷன் படம். இவர்கள் யார் சிரிப்பதற்கு? கடைசியில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. சிறு பிள்ளைக்கு அடிபட்டால் வருகிற மாதிரி அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

பாட்டு முடிந்து வெளிச்சம் மாறியபோது தற்செயலாக வரிசையைப் பார்த்தேன். நாற்காலியில் குடம் இல்லை. ஒரு உயரமான ஆள் உட்கார்ந்திருந்தார். குடம் அவர் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார், எந்தப் பக்கமாக வந்தார், எனக்குத் தெரியாது.

அவர் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இதற்காகவா என்னை வெளியில் நிறுத்தினான் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. தலைவன் பத்து மாடி உயரத்துக்கு வளர்ந்து ஊருக்குள் நுழைகிறான். தியேட்டரில் நான் தூங்கிப்போன இடம் அது. இருட்டில் முதலில் தோள் மட்டும் தெரிகிறது. தோள் ஒரு இறக்கு இறங்குகிறது. செத்த நேரம் நிற்கிறது. பிறகு ஒரு கால் மெல்ல இழுபட்டு முன்னால் வருகிறது. மறுபடியும் தோள், நிற்கிறது, கால் இழுபடுகிறது. உலகத்தை அழிக்கப் போகிற பூதம், வழியில் இருக்கிற வீடுகளிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்து வருகிறது.

மண்டபத்தில் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. எங்கள் தெருப் பெண்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. "ஆத்தி, இது நம்ம ரஃபீக்கு நடையில்ல?" என்று ராமுத்தாய் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசை நடு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆளை உள்ளே விடத் துணிச்சல் இல்லாத மனுஷன், அந்த ஆளின் நடையை மட்டும் எப்படியோ உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார். வைத்துவிட்டு, அவன் பார்ப்பான், பார்த்தால் புரிந்துகொள்வான் என்று இத்தனை வருடமாகக் காத்திருந்திருக்கிறார். அவன் பார்க்கவே இல்லை. என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் தூங்கியிருக்க மாட்டேனே. அந்த நேரத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை வைக்கவும் தோன்றியது.

படம் எப்படியோ முடிந்தது. தலைவன் வெடித்துச் சிதறினான், ஹீரோ கண்ணாடி போட்டுக்கொண்டார். விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் இழுபட்டன, முறுக்கு டீ என்று ஒரே இரைச்சல். ரஃபீக் அண்ணன் விறுவிறுவென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். செபஸ்தியான் வாசலிலேயேதான் நின்றார். ஒரு முழம் இடைவெளி. ரஃபீக் அண்ணன் தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து என் வீட்டுக்காரரிடம் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டான் புஷ்பா. பாத்துட்டுத்தான் போறான்" என்றார். "போகட்டும். கீர்த்தனாகிட்ட சொல்லிரு. மொதப் படம் வேணாம்."

கீர்த்தனாவிடம் சொல்வதற்காக முன்பக்கம் போனேன். போகிற வழியில் நடு நாற்காலியைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பிறகு அங்கிருந்தே, ஆறாம் வகுப்பை அதட்டுகிற அதே குரலில் கத்தினேன்.

"என்னங்க! குடம் இருக்கு!"

நாற்காலியின் நடுவில், கவிழாமல், மூன்று சிவப்புப் பொட்டும் திரையைப் பார்த்த மாதிரி பச்சைக் குடம் உட்கார்ந்திருந்தது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்று புரியவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்குப் புரிந்தது. இஃப்பத் அக்கா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். கீர்த்தனா ஓடி வந்து, "டீச்சர், படத்த ஆரம்பிச்சிறவா?" என்றாள். "ஆள் வரட்டும்" என்றேன். டீ குடித்து முடித்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உடையப்பனின் சம்பந்தி சுவரோரமாகவே நின்றார். அந்த நாற்காலிப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

செத்த நேரத்தில் ரஃபீக் அண்ணன் வந்தார். கால் நனைந்திருந்தது, சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது, தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தார். சாயங்கால மக்ரிப் தொழுகைக்குப் போயிருக்கிறார். ஊருக்கெல்லாம் பள்ளிவாசல் பாங்கு கேட்டிருக்கும். ஸ்பீக்கர் போட்ட கூச்சலில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை. நேரே வந்து செபஸ்தியானுக்கு முன்னால் நின்றார்.

"ஏலே."

"ம்."

"நான் இழுக்குறது எந்தக் காலு?"

"இடது காலு."

"அந்தப் பூதம் எந்தக் கால இழுக்குது?"

செபஸ்தியான் யோசித்தார். "வலது காலு" என்றார். "கம்ப்யூட்டர்க்காரன் முன்னால நாந்தான் நடந்து நடந்து காமிச்சேன். என்னைய எதிர்ல நின்னு பாத்தவன், எந்தப் பக்கம்னு தெரியாம மாத்திப் போட்டுட்டான். பாத்தேன். மாத்தச் சொன்னேன். பூதம் எந்தக் காலுல நடந்தா என்னன்னு விட்டுட்டாங்கெ."

"ஒன்னாப்புலருந்து என்கூடத் திரியிற. ஒரு நடையக் கூட உருப்படியா எடுக்கத் தெரியல."

"தெரியலலே."

"படமும் கண்றாவி."

"கண்றாவிதான்." என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்தார். "நீ எந்திரிச்சுப் போனப்ப, அவ்வளவுதான், இனிமே வர மாட்டன்னு நெனச்சேன்லே."

ரஃபீக் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் கையைப் போட்டு, முன்வரிசைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"நீயெல்லாம் திண்டுக்கல்காரனாலே? குடத்த வச்சிட்டுத்தான போனேன்."